சர்டிபிகேட் பெரிதா? கை அனுபவம் பெரிதா?

விருதுநகரில் இருந்து சாத்தூர் போகும் ரோட்டில் இருக்கிறது, சூலக்கரை.

சின்ன ஊர்தான். ஆனால் இங்கே முக்கியமான இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, அரசு தொழிற்பயிற்சி நிலையம். "ஐ.டி.ஐ." என்றால் எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று, "சிட்கோ" தொழிற்பேட்டை.

ஓர் இடத்தில் தொழிலைக் கற்றுக் கொடுத்து சர்டிபிகேட் தருகிறார்கள். மற்ற இடத்தில், "உனக்கு வேலை தெரியுமா?" என்று கேட்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்று பல குடும்பங்களின் கவலை இருக்கிறது.

பையன் படிப்பை முடித்து விட்டான். "கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்று படித்து சர்டிபிகேட் வாங்கினால் உடனே வேலை" என்று ஒருவர் சொல்கிறார். கோர்சுக்குப் பணம் கட்ட வேண்டும். பரீட்சைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். தாயாரின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் வேறு விதமாகச் சொல்கிறார். "சர்டிபிகேட் எதற்கு? கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இரண்டு வருடம் விட்டு வையுங்கள். தொழில் தானாக வரும்" என்கிறார் அவர்.

யார் சொல்வது சரி?

விரல்களுக்கு ஒரு பரீட்சை

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. அதற்காக, சர்டிபிகேட் எல்லாமே ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லிவிட முடியாது.

டைப்ரைட்டிங் பரீட்சையை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் விளக்கு ஏற்றி வைத்தது இந்தப் பரீட்சைதான். ஆங்கிலத்தில் "லோயர்" பாஸ் செய்ய வேண்டுமானால், நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடிக்க வேண்டும். "ஹையர்" என்றால் 45 வார்த்தை. இதை மனப்பாடம் செய்து பாஸ் பண்ண முடியுமா? முடியாது. பரீட்சை எழுதுவது விரல்கள்!

மோட்டார் சைக்கிள் லைசென்சும் அப்படித்தான். "எட்டு" போட்டுக் காட்ட வேண்டும். காலைத் தரையில் ஊன்றிவிட்டால், எழுத்துத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கி இருந்தாலும் பயன் இல்லை.

ஐ.டி.ஐ.யில் "பிட்டர்" படிப்புக்கு இரண்டு வருடம். கடைசியில் ஒரு வரைபடத்தைக் கொடுப்பார்கள். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, அளவு பிசகாமல் அதே வடிவத்தில் செய்து காட்ட வேண்டும். அளவுகோல் பொய் சொல்லாது.

இந்த மூன்று சர்டிபிகேட்டுகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. காகிதம் கைக்கு வருவதற்கு முன்பே, கைக்குத் தொழில் வந்துவிடுகிறது.

300 டாலர் பரீட்சை

கம்ப்யூட்டர் உலகுக்கு வருவோம்.

இங்கே சர்டிபிகேட் கொடுப்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனிகள். மைக்ரோசாப்ட் கொடுக்கிறது. அமேசான் கொடுக்கிறது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் கருவிகளைச் செய்கிற சிஸ்கோ கம்பெனியும் கொடுக்கிறது.

சிஸ்கோவின் ஆரம்ப சர்டிபிகேட்டுக்கு "சி.சி.என்.ஏ." என்று பெயர். பரீட்சைக் கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25 ஆயிரம் ரூபாய்க்கும் மேல். பாஸ் செய்தாலும் அது ஆயுள் முழுவதும் செல்லாது. மூன்று வருடம்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இது ஏமாற்று வேலையா? இல்லை. கம்ப்யூட்டர் தொழில் அவ்வளவு வேகமாக மாறுகிறது. மூன்று வருடத்துக்கு முன் படித்தது இன்று பழையதாகி இருக்கலாம்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. இத்தகைய பரீட்சைகளில் பெரும்பாலான கேள்விகள், நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். முந்தைய கேள்விகளைத் திருட்டுத்தனமாகத் திரட்டி, விடையோடு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொகுப்புக்கு "டம்ப்" என்று பெயர். அதை ஒரு வாரம் உருப்போட்டு, கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பாஸ் பண்ணுகிறவர்களும் உண்டு. கண்டுபிடித்தால் கம்பெனி சர்டிபிகேட்டை ரத்து செய்துவிடும்.

கண்டுபிடிக்காவிட்டால்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆபீசில் இணைப்பு அறுந்து, எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, நாலு பதிலைக் கொடுத்து "ஒன்றைத் தேர்ந்தெடு" என்று யாரும் சொல்லப் போவதில்லை!

இதே சிஸ்கோ கம்பெனி 1993-ல் இருந்து இன்னொரு சர்டிபிகேட்டும் கொடுத்து வருகிறது. அதற்கு "சி.சி.ஐ.இ." என்று பெயர். அதை வாங்க எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது. எட்டு மணி நேரம் செய்முறைச் சோதனை உண்டு. இணைப்பை உருவாக்க வேண்டும். அதில் வரும் கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். உலகம் முழுவதும் இதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. ஏன்? இதுவும் ஒரு விதத்தில் "எட்டு" போட்டுக் காட்டும் பரீட்சை!

கம்பெனிகள் என்ன செய்கின்றன?

வேலை கொடுக்கிறவர்கள் சர்டிபிகேட்டை எப்படிப் பார்க்கிறார்கள்?

என்ஜினீயரிங் பட்டம் வாங்கியவர்களை இன்போசிஸ் கம்பெனி வேலைக்கு எடுக்கிறது. எடுத்ததும் நேராக நாற்காலியில் உட்கார வைப்பது இல்லை. மைசூரில் உள்ள பயிற்சி நிலையத்துக்கு அனுப்புகிறது. பல வாரங்கள் பாடம், மறுபடியும் பரீட்சை! நாலு வருடம் படித்து வாங்கிய பட்டம், வாசலைத் திறக்க மட்டுமே பயன்படுகிறது.

தென்காசியில் வேறொரு காட்சி. மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோ கம்பெனி, 20 வருடங்களாக ஒரு பள்ளி நடத்துகிறது. பிளஸ்-2 அல்லது டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறது. மாணவர்கள் கட்டணம் கட்டுவதில்லை. கம்பெனிதான் மாதா மாதம் உதவித்தொகை தருகிறது. முடிவில் பட்டம் கிடையாது. வேலை கிடைக்கிறது.

ஒரு கம்பெனி பட்டத்தைக் கேட்கிறது, மற்றது கேட்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரு விஷயத்தில் ஒத்துப் போகின்றன. வேலையைக் கையால் செய்து பழகாதவரை இரண்டுமே நம்புவதில்லை.

கல்கத்தா போன இருவர்

இது புதிய செய்தி அல்ல. சூலக்கரைக்குப் பக்கத்தில் உள்ள சிவகாசி, நூறு வருடத்துக்கு முன்பே இதைக் கண்டுகொண்டது.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் சிவகாசியில் இருந்து கல்கத்தாவுக்கு ரெயில் ஏறினார்கள். மழை குறைந்த வானம் பார்த்த பூமியில் வேறு பிழைப்பு தேட வேண்டிய காலம் அது. கல்கத்தாவில் தீப்பெட்டி செய்யும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்து, செய்து பழகினார்கள். ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பிறகு அச்சுத் தொழில் வந்தது. ஊருக்கே சோறு போட்டது அந்தப் பயணம்.

அவர்கள் கல்கத்தாவில் இருந்து கொண்டுவந்தது பட்டம் அல்ல, தொழில்.

"அப்படியானால் அனுபவமே போதுமே!" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே சிவகாசி வட்டாரம் இன்னொரு பாடத்தையும் கற்றுத் தருகிறது. அது கண்ணீரால் எழுதிய பாடம்.

முதலிப்பட்டியும் அச்சங்குளமும்

2012-ம் வருடம் செப்டம்பர் 5-ந் தேதி. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து. 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உதவி செய்ய ஓடிப்போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் பலியானார்கள்.

2021-ம் வருடம் பிப்ரவரி 12-ந் தேதி. சாத்தூர் அருகே அச்சங்குளம். மீண்டும் வெடி விபத்து. பலியானவர்கள் 20-க்கும் மேல்.

பட்டாசுத் தொழிலில் பல வருடம் பழகிய கைகளுக்குக் குறைவே இல்லை. மருந்தை எப்படி அள்ளுவது, திரியை எப்படி வைப்பது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவர்கள். அந்தப் பழக்கம் வேலையை வேகமாக்கும். பயத்தையும் போக்கிவிடும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. "இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே" என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஓர் உராய்வு போதும். வெயில் சூடு போதும். ஓர் அறையில் அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகம் பேர் உட்கார்ந்தாலோ, அளவுக்கு மேல் மருந்தைக் குவித்து வைத்தாலோ, சிறிய தீ பெரிய சாவாக மாறிவிடும். "ஏன் இத்தனை பேர்தான்? ஏன் இவ்வளவு மருந்துதான்?" என்ற கேள்விக்கு அனுபவம் மட்டும் பதில் சொல்லாது. படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாசு ஆலையில் தகுதி பெற்ற "போர்மேன்" மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அதே சமயம், போர்மேனின் சர்டிபிகேட்டும் ஆலையின் லைசென்சும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் தீ பயந்து ஓடிவிடாது. படித்தவர் வேலை நடக்கும் இடத்தில் நிற்க வேண்டும். கூடுதலாக ஓர் ஆள் உட்கார்ந்தால், "எழுந்திரு" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முதலாளி அவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும்.

உயிர் இருக்கும் இடத்தில் கையும் வேண்டும், காகிதமும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

அனுபவமும் பழசாகும்

2018-ம் வருடம் அக்டோபர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கே அனுமதி என்றது. பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

ஒரே நாளில், பரம்பரையாகப் பழகிய கலவைகள் பல உதவாமல் போயின. "நீரி" என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய புதுக் கலவையைக் கற்க வேண்டியதாயிற்று. முப்பது வருட அனுபவசாலியும் மறுபடியும் மாணவர் ஆனார்.

கம்ப்யூட்டர் தொழிலிலும் இதே கதைதான்.

2025-ம் வருடம் ஜூலை மாதம் டி.சி.எஸ். கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் ஊழியர்களில் 100-க்கு 2 பேர் வீதம், 12 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் குறைக்கப் போவதாகச் சொன்னது. பாதிப்பு பெரும்பாலும் நடுத்தரப் பதவியிலும் மேல் பதவியிலும் இருப்பவர்களுக்கு என்றும் கூறியது. அதாவது, அனுபவம் உள்ளவர்களுக்கு!

இன்று கேட்ட மாத்திரத்தில் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் இயந்திர மூளை வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தது சரியா, தவறா என்று பார்த்துச் சொல்லும் ஆள்தான் இனி வேண்டும்.

பத்து வருட அனுபவம் என்பது ஒன்று. ஒரே வருட அனுபவத்தைப் பத்து முறை திரும்பச் செய்வது வேறொன்று. முதலாவதுக்கு விலை உண்டு. இரண்டாவதுக்கு விலை குறைந்துகொண்டே போகிறது.

தொழில் உண்டு, காகிதம் இல்லை

இனி மறுபக்கம். தொழில் நன்றாகத் தெரியும், சர்டிபிகேட் இல்லை. இப்படிப்பட்டவர்கள் என்ன செய்வது?

சில வாசல்கள் காகிதம் இல்லாமல் திறக்கவே திறக்காது. சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்" என்ற சர்டிபிகேட்டும் கேட்கிறார்கள். "எனக்கு நன்றாக அடிக்கத் தெரியும்" என்று வாயால் சொன்னால் நடக்காது. வெளிநாட்டு வேலையும் அப்படியே. முன்பின் தெரியாத ஊரில், நம் கையின் திறமைக்கு சாட்சி சொல்வது அந்தக் காகிதம்தான்.

நல்ல வேளையாக, அனுபவத்தைக் காகிதமாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

வீட்டு மின்சார ஒயரிங் வேலையில் பல வருடம் அனுபவம் உள்ளவர்களுக்காகவே "மின்கம்பியாள் உதவியாளர்" தகுதித் தேர்வை தமிழ்நாடு அரசு நடத்துகிறது. ஐ.டி.ஐ.யில் சேர்ந்து படிக்காத தொழிலாளர்களும், குறிப்பிட்ட வருடம் வேலை பார்த்த அனுபவம் இருந்தால், அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் பயிற்சித் திட்டத்திலும், முன்பே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்து சர்டிபிகேட் கொடுக்க இடம் உண்டு.

விவரம் கேட்க வெகுதூரம் போக வேண்டியது இல்லை. பக்கத்தில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

பணம் கட்டும் முன்...

கம்ப்யூட்டர் கோர்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன், பெற்றோர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: சர்டிபிகேட்டை யார் கொடுக்கிறார்கள்? சர்க்காரா, பெயர் பெற்ற கம்பெனியா, அல்லது கோர்ஸ் நடத்துகிறவரே அச்சடித்துக் கொடுக்கிறாரா?

இரண்டு: பரீட்சையில் செய்முறை உண்டா? அல்லது நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தானா?

மூன்று: தினமும் எத்தனை மணி நேரம் மாணவனின் கை கம்ப்யூட்டர் மேல் இருக்கும்? ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர்?

நாலு: சர்டிபிகேட் எத்தனை வருடம் செல்லும்? புதுப்பிக்க எவ்வளவு செலவு?

ஐந்து: படிப்பை முடித்ததும் மாணவன் தானே செய்து காட்டக்கூடியது என்ன?

"நூற்றுக்கு நூறு வேலை நிச்சயம்" என்று சொல்லி, இந்த ஐந்துக்கும் பதில் சொல்லாத இடமாக இருந்தால், சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாடு அரசு 2022-ம் வருடம் மார்ச் 1-ந் தேதி "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் பல கம்ப்யூட்டர் பயிற்சிகளை இதில் கட்டணம் இல்லாமல் பெறலாம். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில், சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் நவீன இயந்திரங்களுடன் பயிற்சிக்கூடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. வீட்டுப் பக்கத்தில் இலவசமாகக் கிடைப்பதை விசாரிக்காமல், தூரத்தில் பணம் கொடுத்து வாங்குவானேன்?

அப்படியே சர்டிபிகேட் வாங்கிவிட்டாலும், அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. சிறிய சம்பளமாக இருந்தாலும் தொழில் நடக்கும் இடத்தில் முதல் ஒரு வருடத்தைக் கழிக்க வேண்டும். அந்த ஒரு வருடம்தான் காகிதத்துக்கு உயிர் கொடுக்கிறது.

ஜூலை 15

விருதுநகர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறவர் காமராஜர்.

ஆறாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றுபோனது. மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார். பிறகு தேசத் தொண்டு, சிறைவாசம். அவர் கற்றதெல்லாம் அனுபவப் பள்ளியில்தான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு 1954 முதல் 1963 வரை முதல்-அமைச்சராக இருந்தார்.

அப்படிப்பட்டவர், "நான் படிக்காமலேயே முன்னுக்கு வந்தேன்; உங்களுக்கு மட்டும் பள்ளிக்கூடம் எதற்கு?" என்று ஏழைப் பிள்ளைகளைக் கேட்டாரா? இல்லை. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். பசித்த வயிற்றோடு படிக்க முடியாது என்று மதிய உணவு போட்டார். தன் அனுபவத்தின் பெருமையை அறிந்தவருக்கு, படிப்பு இல்லாத குறையும் தெரிந்து இருந்தது.

அவர் பிறந்த ஜூலை 15-ந் தேதியை, தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதே ஜூலை 15-ஐத்தான் ஐக்கிய நாடுகள் சபை, உலக இளைஞர் திறன் நாள் என்று அறிவித்து இருக்கிறது. கல்விக்கும் கைத்திறனுக்கும் ஒரே நாள்!

எனவே, "சர்டிபிகேட்டா, அனுபவமா?" என்று கேட்பதைவிட, வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பது நல்லது. "இந்த சர்டிபிகேட்டில் கைப்பழக்கம் எவ்வளவு இருக்கிறது?" என்பது ஒன்று. "இந்த அனுபவத்தில் படிப்பு எவ்வளவு இருக்கிறது?" என்பது மற்றொன்று.

சூலக்கரையில் ஐ.டி.ஐ.யும் தொழிற்பேட்டையும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. காலையில் ஐ.டி.ஐ. வாசலில் நுழையும் பையன், ஒரு நாள் தொழிற்பேட்டையின் வாசலுக்கும் வந்து நிற்பான். அப்போது அவன் பையில் சர்டிபிகேட் இருக்கட்டும். கையில் தொழில் இருக்கட்டும்.